வெளிச் சேவல்

செந்துறைக்குப் பக்கத்தில் வளர்மதி வளர்த்த கோழிகள் எல்லாமே, கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்தனுப்பிய ஒரே பெட்டையின் வழியில் வந்தவை. அதன் முதல் அடையில் பொரித்த சேவல்தான் கொல்லையை ஆண்டது. வேற்றுச் சேவல் வேலி தாண்டினால் விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

இந்தத் தடவை அடை வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டை. பொரித்ததிலும் ஒரு குஞ்சுக்கு அலகு கோணல். இன்னொன்று விரல் மடங்கி, நிற்க முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தது. இரண்டையும் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா குஞ்சைவிடச் சேவலைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

"ஒரே ரத்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்பச் சேர விட்டா இப்படி ஆகும்மா. வெளிச் சேவலா மாத்துங்க."

வளர்மதிக்கு அது ஐந்தாம் மாதம். அவளுக்குத் தாலி கட்டிய மணிமாறன், அவள் அம்மாவோடு கூடப்பிறந்த தம்பி.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கொல்லைப் பக்கம் போகவே கால் கூசியது. யாரிடமும் சொல்லவில்லை. அலகு கோணிய குஞ்சு இரை எடுக்க முடியாமல் செத்து, மணிமாறன் அதை முருங்கையடியில் புதைத்துவிட்டு வந்தபோது, அவளுக்கு அடக்க முடியவில்லை.

"நாமளும் ஒரே ரத்தம்தான மாமா?"

அவன் கை கழுவுவதை நிறுத்தினான். பிறகு, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே ஊர் நர்ஸிடம் தனியாகப் போய் இதையே கேட்டதைச் சொன்னான். பயப்பட வேண்டாம், ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்று அவர் சொன்னாராம்.

"ஒன்னயும் பயமுறுத்த வேணாம்னுதான் சொல்லல புள்ள."

தான் மட்டும் சுமக்கவில்லை என்று தெரிந்ததே அவளுக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது.

மறுநாள் ஸ்கேன் எடுக்க அரியலூருக்குப் பஸ் ஏறினார்கள். கல்யாணம் சொந்தத்திலா, அசலிலா என்று டாக்டர் கேட்டார். தாய்மாமன் என்றதும் முகம் சுளிக்கவில்லை. அவளுடைய அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். இல்லை, அசல். பிறகு நிதானமாக இதயம், முதுகெலும்பு, கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வளர்மதி படுத்தபடியே கோழிக்குஞ்சுகளுக்கு ஆனதைச் சொன்னாள்.

"பாத்த வரைக்கும் எல்லாம் நல்லாருக்கு. கோழியில அதே வழி தலைமுறை தலைமுறையா போயிருக்கு, அதோட ஒங்கள வச்சுக் கொழப்பிக்காதீங்க. ஸ்கேன்ல தெரியாததும் சிலது உண்டு. பொறந்ததும் ரத்த டெஸ்ட்டு, காது டெஸ்ட்டு ரெண்டையும் எடுத்துருங்க."

வெளியே வந்ததும் வளர்மதிக்கு அப்படியொரு பசி. பஸ் ஸ்டாண்டுக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டாள். மணிமாறன் தன் இலையில் இருந்ததையும் அவள் பக்கம் தள்ளினான்.

அந்த வாரமே சேவலைத் தூக்கிக்கொண்டு விக்கிரமங்கலம் போனார்கள். அங்கே அவளோடு படித்த பூங்காவனத்தின் வீட்டுச் சேவலும் இதே கதையில்தான் மாட்டியிருந்தது. இரண்டு பேரும் சேவலை மாற்றிக்கொண்டார்கள். புதுச் சேவலைப் பெட்டைகள் கொஞ்ச நாள் கொத்தி விரட்டின. அப்புறம் அதன் பின்னாலேயே மேய்ந்தன. அடுத்த அடையில் ஒன்றிரண்டு முட்டை தவிர எல்லாம் பொரித்தன. குஞ்சுகள் கொல்லை முழுக்க ஓடித் திரிந்தன.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்த டெஸ்ட்டில் குறை எதுவும் இல்லை. காதும் நன்றாகக் கேட்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அதுவரை நின்றுகொண்டே இருந்த மணிமாறன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.