மேலுடம்புக் காயம்

ஆயிரமாவது ஆட்டத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போது வேட் கோவலை உட்கார வைத்தார்கள்.

ஐஸ் ஹாக்கியின் பெரிய லீக்கில் பதினாறு வருஷம் டிஃபென்ஸ் ஆடியவன். எதிராளி அடிக்கிற பக்குக்கு, அந்தக் கெட்டி ரப்பர் வட்டுக்கு, முன்னால் போய் விழுவதுதான் அவன் பிழைப்பு. முன்பல் நான்கு போனது அப்படித்தான். அப்பேர்ப்பட்டவனைக் கோட்டு மாட்டிக்கொண்டு மேல்மாடத்தில் பத்திரிகைக்காரர்கள் பக்கத்தில் உட்காரச் சொன்னால் வயிறு எரியாதா? ஒன்பது ஆட்டமாக அங்கே பாப்கார்ன் தின்றுகொண்டு, கீழே நிற்கும் கோச் மெக்காலியின் வழுக்கையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"கால் ஓடலை உனக்கு" என்பார் மெக்காலி. அவ்வளவுதான் விளக்கம்.

சாமான் அறையில் ஒரு பெட்டி இருந்தது. அதில் இருபது சட்டைகள், எல்லாவற்றின் முதுகிலும் கோவல், நம்பர் நாலு. ஆயிரமாவது ஆட்டம் ஆடுகிறவன் சட்டையை, ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க இறங்கும்போது அணி முழுக்கப் போட்டுக்கொள்ளும். இவர்கள் செய்கிற பெரிய மரியாதை அதுதான். அந்தப் பெட்டியும் ஒன்பது ஆட்டமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அணியின் ஊரான ரிஜைனாவுக்கே திரும்பி வந்து கிடந்தது.

இன்று சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு சீசனின் கடைசி ஆட்டம்; அதற்குப் பிறகு வரும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்று இந்தக் கணக்கில் சேராது. அடுத்த வருஷம் அவனை எந்த அணியும் சீண்டப்போவதில்லை என்பது ஊரில் டாக்சி ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். இன்று இறங்கினால் ஆயிரம். இல்லாவிட்டால் சாகும்வரை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அப்பா நம்பிக்கையை விடாமல் கனோராவிலிருந்து டிரக்கைக் கிளப்பிவிட்டார். அவரிடம் வராதீர்கள் என்று சொல்லவும் வேட்டுக்கு வாய் வரவில்லை.

காலையில் உடை மாற்றும் அறையில் ரீஸ் பிரீசன் மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, வேட்டின் இடத்தில் இப்போது ஆடுகிறவன் அவன்தான். அணிக்கு வந்த முதல் வருஷம் முழுக்க வேட்டின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கி, அவன் மனைவி சமைத்ததைத் தின்று, அவன் மகளோடு சீட்டாடியவன். வியாழக்கிழமை ஆட்டத்தில் எவனோ பின்னாலிருந்து இடித்ததில் ரீஸின் தலை பக்கவாட்டுக் கண்ணாடியில் போய் மோதியது. ஒன்றுமில்லை என்று எழுந்து ஆடினான்.

இப்போது இடது கண்ணை மூடிக்கொண்டு டேப் சுற்றினான்.

வேட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவன் அறியாததா அது? இரண்டு கண்ணையும் திறந்தால் ஒரு மட்டை இரண்டாகத் தெரியும்.

"டேய், கண்ணைத் திற."

"தூசிடா கோவ்ஸி." அணியில் கோவலைக் கூப்பிடுகிற பெயர் அது.

"ரெண்டு நாளாவா தூசி? எத்தனை மட்டை தெரியுது?"

ரீஸ் சுற்றும்முற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசு. இன்னைக்கு ஜெயிச்சாதான் பிளேஆஃப். நான் உட்கார்ந்தா என் இடம் போச்சு. டெஸ்ட்ல பாஸாயிட்டேன்ல? நீ சொன்ன மாதிரியே பண்ணேன்."

அங்கேதான் செருப்பால் அடித்தது போல இருந்தது வேட்டுக்கு. சீசன் தொடங்கும்போது ஒவ்வொருவனுக்கும் கம்ப்யூட்டரில் மூளைச் சோதனை வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி வைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். முதல் தடவையே வேண்டுமென்று மக்கு மாதிரி எழுதிவிட்டால், பின்னால் மூளை கலங்கினாலும் இரண்டும் ஒத்துப்போகும். அந்த வித்தையைப் பீரைக் குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ரீஸுக்குச் சொல்லிக்கொடுத்த புத்திசாலி வேட்தான்.

வேட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார்மோ, டிஃபென்ஸில் அவனுடைய பழைய ஜோடி. ஆறு வருஷத்துக்கு முன் வேட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடியதை யார்மோ பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. நல்ல நண்பன் என்று அப்போது வேட் கட்டிப்பிடித்துக்கொண்டான். இப்போது வேட்டுக்குத் தினம் ஆடுகிற அரங்கத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழி சில நாள் மறந்துவிடுகிறது. பெற்ற மகளைக் குட்டி, குட்டி என்று கூப்பிடுகிறான். எல்லோரும் செல்லம் என்று நினைக்கிறார்கள். பெயர் வராத காலைகளில் வேறென்ன செய்வான்? மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நண்பனாம், நண்பன்.

"நீயா போய் டாக்டர்கிட்ட சொல்றியா, நான் சொல்லவா?"

ரீஸின் முகம் மாறியது. "ஓ. நான் உட்கார்ந்தா யார் ஆடுவா? அதானே விஷயம்?"

அதில் பொய்யும் இல்லையே. அந்த ஆயிரம் அவனுக்கு வேண்டும்தான், பல்லைக் கொடுத்து வாங்கியது. ஆனால் அந்தக் கணத்தில் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை. நேரே டாக்டர் ஷெரிலின் அறைக்குப் போனான்.

"டெஸ்ட் சரியாத்தானே இருக்கு வேட்?" என்றார் அவர்.

"அந்த டெஸ்ட்ட எப்படி ஏமாத்தணும்னு நான்தான் அவனுக்குக் கத்துக்குடுத்தேன். நானும் அப்படித்தான் ஏமாத்தினேன். அவன் கண்ணுக்கு முன்னாடி விரலை ஆட்டிப் பாருங்க, போதும்."

பத்து நிமிஷத்தில் ரீஸை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு டிஃபென்ஸ்காரனும் கைவசம் இல்லை. மெக்காலி வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"போய் மாத்து. ஆயிரம் உனக்குக் கிடைச்சாச்சு." பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, "வாங்கற வழியும் தெரிஞ்சிருக்கு."

ஒருவனும் வேட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. அடிபட்டவனைக் காட்டிக்கொடுப்பதைவிடக் கேவலம் அந்த அறையில் கிடையாது. சாமான்காரர் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தார். இருபது சட்டை. ஒரு கைகூட நீளவில்லை. அவனவன் தன் தன் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையாக வெளியே போனான். வேட் கடைசியாக, நாலாம் நம்பரோடு தனியாக இறங்கினான். அரங்கம் எழுந்து கைதட்டியது. அதில் அப்பாவும் எழுந்து தட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் முதுகில் ஏன் மகன் பெயர் இல்லை என்று புரியாமல்.

அன்று அவன் ஆடிய ஆட்டம் ஆட்டமா, சண்டையா என்று சொல்வது கஷ்டம். வந்தவனையெல்லாம் சுவரோடு வைத்துத் தேய்த்தான். ஏழு பக்கை உடம்பில் வாங்கினான். மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகும் ஒருவனும் வந்து பாராட்டாக ஹெல்மெட்டைத் தட்டவில்லை.

அறைக்குள் கேமராக்கள் நுழைந்தன. ரீஸ் வீட்டுக்குப் போகாமல், கறுப்புக் கண்ணாடியோடு தன் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ரீஸுக்கு மேலுடம்புக் காயம்னு கோச் சொல்றாரே?" என்று கேட்டாள் ஒரு நிருபர். கழுத்தில் பட்டாலும் தோளில் பட்டாலும் மண்டையில் பட்டாலும் வெளியே சொல்வது அந்த ஒரே வார்த்தை.

"அவன் விஷயத்தை அவன்கிட்ட கேளுங்க. என் விஷயம் நான் சொல்றேன். ஆறு வருஷம் முன்னாடி ஒத்தைக் கண்ணோட ஆடி, முடியாம பதினோரு ஆட்டம் உட்கார்ந்தேன். மேலுடம்புக் காயம்னு எழுதினீங்க. தலைம்மா அது. தலை! அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, பின்னாடி எத்தனையோ. மறைச்சு ஆடினவன் வீரன், சொன்னவன் துரோகின்னு இந்த அறையில பதினாறு வருஷமா நானும் கூவினேன். எல்லாம் பித்தலாட்டம்."

மெக்காலி தொண்டையைச் செருமினார். நிருபர் தடுமாறி, வழக்கமான கேள்விக்குத் தாவினாள். "ஆயிரம் ஆட்டம் ஆடியிருக்கீங்க. வீட்டுல பாத்துக்கிட்டிருக்கிற மகளுக்கு ஏதாவது சொல்லுங்களேன்."

வேட் கேமராவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வரவில்லை. குட்டி என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆறு வருஷமாக அவனைக் காப்பாற்றிய சொல். அதை விழுங்கினான்.

"பேர் வரலை" என்றான். "இருங்க. என் பொண்ணு பேர் எனக்கு வரலை. எட்டு வயசு."

வேட் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரும் கோபமுமாகக் கேமராவையே முறைத்தபடி நின்றான்.

மூலையில் ரீஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். வெளிச்சம் தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"தெஸ்ஸா" என்றான். "அவ பேரு தெஸ்ஸா, கோவ்ஸி."