கஞ்சி போட்ட குல்லா

பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்ததில் கற்பகத்தின் இடது காது கருகிச் சுருங்கிப்போனது. அந்தப் பக்கத் தலையில் பிறகு முடி முளைக்கவே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவாள்.

மகள் ஓவியா மதுரையில் ஓவியம் படித்தாள். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களை வகுப்பில் காட்டியபோது, அந்தப் பெண்களை அவளால் மறக்க முடியவில்லை. வியாபாரி மனைவியோ வேலைக்காரியோ, தலையை இறுக்கி மூடிய வெள்ளைத் துணிக் குல்லா. முடி தெரியாது, காது தெரியாது. முகம் மட்டும்தான்.

லீவுக்கு வந்தவள் ஒரு பழைய வேட்டியை வெட்டித் தைத்து, கஞ்சி போட்டு, அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். கற்பகம் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு” என்றாள்.

அப்படியே உட்கார வைத்து வரைந்தாள் ஓவியா.

சிவகாசியில் நடந்த மாணவர் கண்காட்சியில் அந்தப் படம் மாட்டப்பட்டது. திறந்துவைக்க வந்தவர் ராஜபாண்டியன். கற்பகம் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியின் முதலாளி. படத்தின் முன் அசந்து நின்றார்.

“எந்த நாட்டுக்காரிம்மா இவ? எம்புட்டு லட்சணம்!”

“நாந்தான் மொதலாளி” என்றாள் பக்கத்தில் நின்ற கற்பகம். “நம்ம மருந்து ரூம் வெடிச்சப்ப உள்ள இருந்தேன்.”

அவர் முகம் ஒரு கணம் தடுமாறியது.

“ஓ… இப்ப நல்லா இருக்கீகள்ல?” பதிலுக்கு நிற்காமல் ஓவியாவிடம் திரும்பினார். “இந்த வருசம் கம்பெனி காலண்டருக்கு இதையே போட்டுருவோம். என்னம்மா?”

“சரிங்க சார்” என்றாள் ஓவியா.

பஸ் திருத்தங்கல் தாண்டியதும் கற்பகம் மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏன்த்தா சரின்ன?”

“நாலு பேரு பாப்பாகம்மா. எனக்கு ஆர்டர் வரும்.”

“என் தலைய மூடுன, சரி. வாயையும்ல மூடிட்ட.”

காலண்டர் வந்தது. டீக்கடைகளில், மளிகைக்கடைகளில் கம்பெனி பெயருக்கு மேலே கற்பகம் தொங்கினாள். பார்த்தவர்கள் வெள்ளைக்காரி என்றார்கள். ஓவியாவால் அந்தக் கடைகளுக்குள் நுழைய முடியவில்லை.

பொங்கல் லீவில், படம் வரையப் புதுத் துணி கட்டிய சட்டத்தோடு அம்மாவின் முன் வந்து நின்றாள்.

“குல்லா இல்லாம, இருக்கிறபடியே வரையுறேம்மா. ஒக்காருறியா?”

கற்பகம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேற ஆளப் பாருத்தா” என்றாள்.