ஒரு சொட்டு மெழுகு

மெழுகு வைத்த பிறகும் திரையில் ஒலியைக் காட்டும் கோடு இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, லேபில் நான் மட்டும். மறுநாள் பதினோரு மணிக்கு என் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. நீ அளந்தது ஒலிதானா என்று எவராவது கிளறினால் காட்ட ஒரு படம் வேண்டுமென்று வைத்த சொட்டு அது.

என் வேலை விரல்நகம் அளவு சில்லு ஒன்றில். அதன் ஒரு முனையில் சீப்புப் பல் போல உலோகக் கோடுகள். மின்சாரம் கொடுத்தால் மேற்பரப்பு அதிர்ந்து, காதுக்கு எட்டாத ஒலி கிளம்பி மறுமுனைக்கு ஓடும். நடுவில் குறைக்கடத்திப் படலம். அதில் எலக்ட்ரான்களை ஒலியைவிட வேகமாக ஓடவிட்டால், அவை ஒலியைத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்கும். நூறு மடங்கு பெருகியது என்று கட்டுரை எழுதி, கைதட்டலும் வாங்கியாயிற்று.

வழியில் மெழுகு இருந்தால் ஒலி அங்கேயே அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை. அப்படியானால் நான் அளந்தது ஒலியே இல்லை. கம்பிக்குக் கம்பி தாவிய வெறும் மின்கசிவு. மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்றக் கசிவு கூடியிருக்கிறது, நான் ஒலி வளர்கிறது என்று குதித்திருக்கிறேன். மடையன்.

இதே மெழுகைப் போன வருடம் சத்யப்பிரியா கேட்டாள். எனக்கு ஜூனியர். அவள் செய்த சில்லுகளில் ஒலி பெருகவே இல்லை. "உங்க சில்லுல ஒரே ஒரு சொட்டு வெச்சிப் பாத்துடலாம்ணா" என்றாள். என் மற்ற சில்லெல்லாம் பாழாகி, உருப்படியாக இருந்தது இது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு அதன் பெட்டியில் சந்தனம், குங்குமம் வைத்ததே நான். அதன்மேல் மெழுகா? எரிந்து விழுந்தேன். அதோடு விட்டேனா? "அவளுக்குக் கை நடுங்குது சார், அதான் எதுவும் வரல" என்று எங்கள் ஆய்வு வழிகாட்டி விஜயராகவன் சாரிடம் போட்டுக் கொடுத்தேன். சார் அவளைக் கருவிகளைத் தொட விடவில்லை. மூன்றே மாதத்தில் ஆய்வை விட்டுப் போய்விட்டாள்.

அவள் ஊரான கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராம். உட்காரக்கூடத் தோன்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கடைசிவரை கேட்டாள். "சார்கிட்ட சொல்லிட்டீங்களாண்ணா?"

"இல்ல. இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எதற்கு வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. விடுங்கண்ணா, போனது போகட்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள், நாளைக்கு நிம்மதியாகப் போய்ப் பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே கூசியது.

அவள் மறுபடி குனிந்து தாளைத் திருப்பினாள். நான் அங்கேயே நின்று சாருக்கு போன் போட்டேன்.

"என்னப்பா அருள்முருகன், நாளைக்கு எல்லாம் ரெடியா?"

"சார், நான் அளந்தது ஒலி இல்ல சார். மின்கசிவு. மெழுகு வெச்சிப் பாத்துட்டேன்."

சார் கத்தினார். "முந்தின நாளு போயி மெழுகு வெக்கச் சொல்லி உனக்கு யாருய்யா சொன்னா?"

"சத்யப்பிரியா சார். போன வருசமே சொன்னா, நான்தான் விடல. அவளுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னதும் பொய் சார்."

போன் வைக்கப்பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சத்யப்பிரியா திருத்துவதை நிறுத்தியிருந்தாள். சிவப்புப் பேனா பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.