நாலரை மணி டெஸ்ட்

ஆரோவில்லில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை. மரக்காணம் உப்பளத்து ஆட்கள் போனில் வருகை பதிய நான் எழுதிய ஆப் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதைக் கண்டெய்னரில் போட்டேன். மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து அடைத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். காலை பத்து மணிக்கு நாற்பது டெஸ்ட் ஓட்டினேன். நாற்பதும் பச்சை, அதாவது பாஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் யாராவது குறை கண்டுபிடித்தால் என் பெயரையே மாற்றிக்கொள்கிறேன் என்று மேலாளர் சிலம்பரசனிடம் வாய்விட்டேன்.

ஆப் உப்பளத்துக்குப் போன முதல் நாளே, காலை எட்டு மணிக்கு அம்மா போன் செய்தாள். அம்மா அருக்காணி அந்த அளத்தில்தான் உப்பு வாருகிறாள்.

"ஏண்டி யுவராணி, நாலரைக்கே வந்து அமுக்கிட்டேன். இன்னிக்கு லீவுன்னு காட்டுது, நேத்து வந்தேன்னு சொல்லுது. நேத்து நான் பிரம்மதேசம் கல்யாணத்துல இல்ல இருந்தேன்?"

அறுபது பேருக்கும் அதே கதைதானாம். இன்று அளத்தில் ஒரு ஆள்கூட இல்லை, உப்பு தானே நடந்து கரையேறுகிறது என்று மேஸ்திரி கேலி செய்கிறாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் எதையோ தப்பாக அமுக்கியிருப்பீர்கள் என்றேன்.

"ஆறு மணிக்கு வந்த வாட்ச்மேனுக்கு மட்டும் சரியா காட்டுதே, அது எப்படி?" என்றாள் அம்மா.

அப்போதுதான் பொறி தட்டியது. பெட்டிக்குள் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடிகாலை ஐந்தரைக்கு முன் யார் வந்தாலும் அதற்கு இன்னும் நேற்றுதான். வெயில் ஏறுமுன் உப்பு வார அம்மா இருட்டோடு கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். டெஸ்ட் மட்டும் பத்து மணிக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பெட்டிக்கு இந்திய நேரம் வைக்க ஒரு வரிதான். அறுபது பேரையும் இன்றைக்கு இழுத்து வந்தேன். நாலரை மணிக்கு ஒருவர் வருவதாக நாற்பத்தொன்றாவது டெஸ்ட் எழுதி, அதற்கு அருக்காணி என்று பெயர் வைத்தேன். யார் இது என்று கேட்ட சிலம்பரசனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

ஒரு வாரம் ஆப் பிசகாமல் ஓடியது. சிலம்பரசன் என்னைக் கூப்பிட்டார்.

"பர்மனென்ட் ஆர்டர் அடிக்கணும். புதுப் பேரு என்னன்னு சொல்லும்மா."

"இனிஷியல மட்டும் மாத்திக்கிறேன் சார். அருக்காணியோட அ. அ.யுவராணின்னு போடுங்க."