இடது கன்னம்

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற எனக்கு முகம் வரைய வரும் என்று என் அக்காவுக்கு யார் சொன்னார்களோ. அவளுக்கு இடது தாடையில் கட்டி. கன்னத்தோடு சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் தவணை.

"போட்டோவுல எல்லாம் முறைச்சிக்கிட்டே இருக்கேன்டா. என் பொண்ணுக்கு மூணு வயசு, இந்த மூஞ்சிய மறந்துடுவா. நீ வரைஞ்சு குடு," என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆயில் பெயின்ட் வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிறுதோறும் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுத்துக்குப் பழகிய கை மூக்கைச் சுற்றிக் கோடு இழுத்தது. முகத்தில் கோடே கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான் என்பது என் மண்டையில் ஏற மூன்று ஞாயிறு போனது.

"யாருடா இது, நம்ம ஹவுஸ் ஓனரா?" என்று சிரித்தாள். கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

நான்காவது ஞாயிறு கண்ணும் மூக்கும் வாயும் வந்தன. இடது கன்னம் மட்டும் போக்குக் காட்டியது. ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் பிடிபட்டது. காதோரம் லேசாகப் பச்சை கலந்த நிழல், அதன்மேல் கெட்டியாக வெளிர் சிவப்பு. சத்தியமாக அவளேதான்.

மறுநாள் காலை, பலகையைக் கொண்டுபோவது போலவே படத்தைத் துணியால் இறுகச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பலகைப் பெயின்ட் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். இது காய நாள் கணக்காகும். எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வருஷமாகச் சுற்றிக் கட்டிய கைக்குத் தெரியவில்லை.

கட்டிலருகே துணியைப் பிரித்தேன். போன வாரம் பூசியதெல்லாம் அப்படியே இருந்தது. இடது கன்னம் துணியோடு வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"டாக்டருக்கு முன்னாடி நீயே எடுத்துட்டியாடா?" சிரிக்கத்தான் பார்த்தாள்.

"மன்னிச்சிடுக்கா. திரும்பப் போட்டுடறேன்."

"எதைப் பாத்துப் போடுவ?"

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. கதவுவரை போனவள் தலையைத் தூக்கினாள்.

"அந்தத் துணியத் தொவச்சிடாதடா. என் கன்னம் அதுலதான் இருக்கு."

மடித்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.