ஓசாகாவில் ஆளில்லாத படிக்கட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்ல வராதீர்கள். நான் சொல்வது நிஜமான பொய். ஆஸ்திரேலியாவில், பரமட்டாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

தொடக்கத்தை நான்கு முறை எழுதிவிட்டேன். முதலாவது இது:

"ஓசாகாவின் பின்தெருக்களில் கட்டடங்கள் எதையும் மறைப்பதில்லை. குழாய்கள், மின்கம்பிகள், ஏசிப் பெட்டிகள், கதவுக்கு வெளியே வாஷிங் மெஷின், இரும்புப் படிக்கட்டு, அதன் துரு, அந்தத் துருவின் மேல் மாலை வெயில் விழும்போது—"

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இதில் மனிதர் ஒருவரும் இல்லை. என் வியாதியே அதுதான் என்பதால் நிறுத்திவிட்டேன். மற்ற மூன்றையும் நீங்கள் பார்க்க வேண்டாம். அவற்றில் நான் நல்லவனாக இருந்தேன்.

2

என் பெயர் சுதர்சன். நார்த்மீட்டில் வீடு, பரமட்டாவில் மென்பொருள் வேலை. தெருப் புகைப்படக்காரன் என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி ஹரிப்பிரியா "செவுரு போட்டோகிராபர்" என்பாள். அவள் சொல்வதுதான் சரி. எனக்குப் பிடித்தது கட்டடங்கள். ஆட்கள் குறுக்கே வந்தால் போகும்வரை காத்திருப்பேன். அப்படியும் யாராவது படத்துக்குள் நின்றுவிட்டால், ரயில் ஏறியதும் அந்தப் படங்களை அழித்துவிடுவேன். (இதை ஒரு விரதம் போலப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.)

போன வருடம் ஏப்ரலில் அலுவலக வேலையாக ஓசாகா போனேன். அங்கே எடுத்தவற்றில் பதினெட்டுப் படங்களை ஆகஸ்டில் பரமட்டாவில் ஒரு சமூகக் கூடத்தில் மாட்டினேன். தலைப்பு, "ஆளில்லாத ஓசாகா". ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, நேரம். நண்பர்கள் வந்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள், "சூப்பர் சார்" என்றார்கள்.

3

பதினோராவது படத்தின் முன்னால் ஒரு பெண் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடிக் குடியிருப்பு, வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு, அவ்வளவுதான் அந்தப் படம். அவர் சிவாஜினி. பக்கத்துப் புறநகரான ஹோம்புஷ்காரர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், முதியோர் இல்லத்தில் தாதி (நர்ஸ்).*

"இந்தப் படம் நீங்களோ அண்ணா எடுத்தது?"

"ஆமாங்க."

"இது என்ர தம்பி இருந்த வீடு. மூண்டாம் மாடி. நடுக்கதவு."

தம்பியின் பெயர் அருந்தவன். ஆஸ்திரேலியா வர அவனுக்கு இரண்டு தரம் விசா மறுத்திருக்கிறார்கள். மாணவர் விசாவில் ஜப்பான் போய்விட்டான். பகலில் மொழி வகுப்பு, மற்ற நேரமெல்லாம் உணவுத் தொழிற்சாலை. வீடியோவில் பேசும்போது முகத்தைக் காட்டவே மாட்டானாம். போனைத் திருப்பி அந்தப் படிக்கட்டையும் தெருவையும்தான் காட்டுவானாம். மெலிந்துபோனதைப் பார்த்தால் அக்கா அழுவாள் என்ற பயம். அதனால் கடைசி இரண்டு வருடத்து முகம் சிவாஜினியிடம் இல்லை. படிக்கட்டு மனப்பாடம்.

"ஏப்ரல் ஒன்பதாம் திகதி எண்டு போட்டிருக்கு. அவன் மோசம் போனது பன்னிரண்டாம் திகதி. நித்திரையில, ஹார்ட் அட்டாக்." கண்ணாடியின் மேல் அந்த நடுக்கதவை விரலால் தொட்டார். "ஒரே இடத்தில நிண்டு கனக்கப் படம் எடுப்பியள்தானே. வேற ஒண்டிலயாவது ஆரும் நிண்டவையோ?"

"இல்லைங்க. யாருமே இல்ல."

"ஓம். உங்கட தலைப்பே அதுதானே," என்றார். குத்திக் காட்டவில்லை. என்னை நம்பித்தான் சொன்னார்.

* தாதி என்பதை நீக்கலாமா என்று யோசித்தேன். வாசகரின் இரக்கத்தைக் கறக்க வைத்தது போல இருக்கிறது. ஆனால் அவர் தாதிதான். என்ன செய்ய?

4

இப்போது ஏப்ரல் ஒன்பதுக்கு வருகிறேன். இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு நிறைய வசதிகள் உண்டு. "தூரத்தில் ஒரு உருவம் மங்கலாகத் தெரிந்தது" என்று எழுதலாம். (எழுதினேன். அடித்தேன்.) "படிக்கட்டில் யாரோ நின்றதை நான் கவனிக்கவில்லை" என்றும் எழுதலாம். (எழுதினேன். இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்திருந்தேன். பிறகு அடித்தேன்.)

நடந்தது இதுதான். மாலை நான்கு மணி. வெயில் படிக்கட்டின் மேல் இன்னும் பத்து நிமிடம் நிற்கும். காதில் போன். ஹரிப்பிரியாவிடம் "சாப்பிட்டேன்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் மாடியில் கம்பியில் சாய்ந்து ஒருவர் நின்றிருந்தார். போவார் என்று காத்திருந்தபடியே அவரோடு சேர்த்து மூன்று படங்கள் எடுத்தேன், வெளிச்சம் சரிபார்க்க. மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, தமிழோ?"

வெளிநாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். எந்த ஊர், எத்தனை வருடம், என்ன விசா, நம்பர் தாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. ஒரு மணி நேரம் போய்விடும். ஹோம்புஷில் ரயிலுக்கு நிற்கும்போதுகூட, பக்கத்தில் தமிழ் கேட்டால் சட்டென்று போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறவர்கள்தானே நாம். (நாம் இல்லை. நான்.)

வெயில் போய்க்கொண்டிருந்தது. தமிழே தெரியாதவன் போல ஆங்கிலத்தில் சொன்னேன்:

"சாரி? குட் யூ கோ இன்சைட், ப்ளீஸ்? ஜஸ்ட் ஒன் மினிட்."

கையாலும் காட்டினேன், தள்ளுவது போல.

"ஓகே, ஓகே," என்றார். உள்ளே போனார். நடுக்கதவு சாத்தப்பட்டது. நான் பதினோராவது படத்தை எடுத்தேன். ரயிலில் அந்த மூன்றையும் அழித்தேன்.

கண்காட்சி முடிந்த வாரம், மீட்டெடுக்கும் மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். என் வேலையே கணினிதான். ஆனால் கேமராவின் அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு நண்பர் மகளின் பிறந்தநாளை எடுத்திருந்தேன். நானூறு கேக் படங்கள்தான் வந்தன. அன்றைக்கு அழுதேன்.

5

முடிவுகள்.

(அ) நான் ஹோம்புஷ் போய்க் கதவைத் தட்டி உண்மையைச் சொல்கிறேன். அவர் அழுகிறார், மன்னிக்கிறார், தோசை போடுகிறார். சிறுகதைகளில் இது நடக்கும்.

(ஆ) நான் சொல்லாமலே இருந்துவிடுகிறேன். அவர் அந்தப் படத்தை வாங்கி வீட்டில் மாட்டுகிறார். [இது பாதி நடந்துவிட்டது. படத்தை நானே கொடுத்தேன். ஹாலில் மாட்டியிருக்கிறார். அதன் கீழே விளக்கு வைக்கிறாராம். ஹரிப்பிரியாதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "போய் சொல்லிடுங்க," என்றாள். "இல்லைன்னா எழுதிக்கிட்டே இருப்பீங்க."]

(இ) அது அருந்தவனே இல்லை, பக்கத்து அறைக்காரர். இதை எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! ஆனால் அவர் உள்ளே போனது நடுக்கதவு.

6

கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. ஐந்தாம் பகுதி வரைக்கும் எழுதியதைச் சனிக்கிழமை காலை சிவாஜினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. இன்று மதியம் வந்தது இது:

"வாசிச்சன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணா. நீல ஸ்வெட்டரோ போட்டிருந்தவன்? மார்ச்சில நான் பார்சல்ல அனுப்பினது. கிடைச்சதெண்டு அவன் சொல்லவே இல்லை."

இரண்டு மணி நேரமாக போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'ஆமா' என்று ஒரு சொல் போதும். அவர் அனுப்பியது போய்ச் சேர்ந்தது, குளிரில் தம்பி அதைப் போட்டிருந்தான் என்று அவருக்கு ஆகிவிடும். நீல நிறத்தை விவரிப்பதும் எனக்குப் பெரிய வேலை இல்லை. மாலை வெயிலில் அது எப்படித் தெரிந்தது என்று ஒரு பத்தி எழுதிவிடுவேன். நீங்களும் நம்புவீர்கள்.

அதற்கு இந்த ஆறாம் பகுதியை நீக்க வேண்டும். கதை பத்திரிகைக்குப் போனால் அவர் படிப்பார். நீக்கினால் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் கிடைக்கும். வைத்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் நீக்குவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

சிவாஜினி, என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தம்பி என்னைத் தமிழில் கூப்பிட்டார். நான் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.