மும்பைக்குப் போன மோனிகா

கடலூர் தேவனாம்பட்டினத்துப் பூவராகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் பாதிக் காலம் அவன் மனைவி மோனிகா மும்பையில் இருந்தாள்.

கடலூரில் ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பணம் வைத்திருப்பவர்களுக்கு அதை எதில் போடலாம், எவ்வளவு காலம் விட்டுவைக்கலாம் என்று சொல்ல வேண்டும். இளையவர்களைப் பெரிய பொறுப்புகளுக்குத் தயார்செய்ய நிறுவனம் மும்பையில் ஒரு வருஷப் பயிற்சி தொடங்கியபோது அவளையும் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தயங்கினாள். "போயிட்டு வா மோனி. ஒரு வருஷந்தானே?" என்று அனுப்பிவைத்தவன் பூவராகன்தான்.

அவன் அண்ணனோடு விசைப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததுமே அவளைக் கூப்பிடுவான். அவள் மீட்டிங்கில் இருப்பாள். அவள் திருப்பிக் கூப்பிடும்போது இவன் மறுபடி கடலில் இருப்பான். காற்று நிலவரம் பார்க்கிற போனில், மும்பையில் மழை பெய்கிறதா என்றும் பார்த்துக்கொள்வான்.

பயிற்சி முடிகிற சமயம், சிதம்பரத்தில் புதுக் கிளை திறந்தார்கள். அங்கே சேர்ந்தவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்க மோனிகா வந்தாள். கிளையே அவள் பொறுப்பில்தான் வரப்போகிறது என்று பூவராகன் நம்பினான். அண்ணாமலை நகரில் வாடகைக்கு ஒரு வீடும் பார்த்துவிட்டு, நேராகக் கிளைக்குப் போனான்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

மோனிகா வாடிக்கையாளர்போல நடித்துக்கொண்டிருந்தாள். "மார்க்கெட் விழுந்துடுச்சு! எம் பணத்த இப்பவே எடுத்துக் குடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், எதிரே நின்ற அஜய் என்ற புதுப் பையனுக்கு வாய் குழறியது. மற்றவர்கள் சிரித்தார்கள். மோனிகா கையைக் காட்டி அவர்களை அடக்கினாள். பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

"மொதல்ல உக்காருங்கம்மா," என்றான் அஜய் கடைசியில். "இந்தப் பணத்த எதுக்குன்னு சேத்தீங்க? அதச் சொல்லுங்க."

மோனிகாவின் முகம் மலர்ந்தது. இந்த முகத்தைப் பூவராகன் போனில் பார்த்ததே இல்லை. பெருமையாக இருந்தது. எங்கேயோ வலிக்கவும் செய்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், "வீடு பாத்துட்டேன்," என்றான்.

அவள் நின்றுவிட்டாள். "சிதம்பரத்தத்தான் கேட்டேன் மாமா. குடுக்கல. மும்பையிலயே ஒரு டீமுக்கு லீடரா போட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம். வேணாம்னு சொல்லிட்டு வந்துடவா?"

வந்துடு என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது.

"அந்த வேல உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்ப." அவள் கண் நிறைந்தது. "ஆனா சாப்புட உக்காந்தா எதிர்ல ஆளில்ல மாமா."

அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு சொன்னான்: "அப்ப போ. மீன்பிடித் தடைக்காலத்துல படகு சும்மாதான கெடக்கும். ரெண்டு மாசமும் நான் அங்க வந்துடறேன்."

"வந்து என்ன பண்ணுவ?"

"எதிர்ல உக்காந்து சாப்புடுவேன்."

அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அவளை ரயிலேற்றிவிட்டுக் கடலூர் திரும்பினான். தடைக்காலம் என்றாலே துறைமுகத்தில் எல்லாருக்கும் வருமானக் கவலை வந்துவிடும். அது தொடங்கும் சித்திரை பிறக்க இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. இந்த வருஷம் அது சீக்கிரம் வந்துவிடக் கூடாதா என்று பூவராகன் ஒருவன் மட்டும் ஏங்கிக்கொண்டிருந்தான்.